ராணிகஞ்சின் இரும்புக் கூண்டு

1989 நவம்பர் மாதம் என்றால் பலருக்கும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். 9-ஆம் தேதி பெர்லின் சுவர் திறந்தது ஒன்று. ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்த பொதுத்தேர்தல் மற்றொன்று. என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில்தான் எங்கள் வட ஆர்க்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஜவ்வாது மலையே இரண்டு பங்காயிற்று. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலையோடு சேர்ந்தது. ஆலங்காயம், காவலூர் பக்கம் வேலூரோடு நின்றது. எந்தக் கோப்பு எந்த மாவட்டத்துக்கு என்று பிரித்து, பட்டியல் எழுதி, சிவப்பு நாடா போட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். அதன் நடுவில் தேர்தல் வேலையும் வந்து சேர்ந்தது.

அந்தச் சந்தடியில்தான் வங்காளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வெள்ளம் புகுந்த நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து 65 பேரை உயிரோடு தூக்கிவிட்டார்கள். ஏணி இல்லை, படிக்கட்டு இல்லை, லிப்டும் இல்லை. தரையில் புதிதாக ஒரு துளை போட்டு, அதற்குள் ஓர் ஆள் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டை இறக்கி, ஒவ்வொருவராக மேலே எடுத்தார்கள். பெர்லினும் தேர்தலும் நாளேட்டை நிறைத்திருந்த வாரம் அது. வேறொரு சமயமாக இருந்தால் நாடே ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசியிருக்கும். 2023-ல் இதை இந்தியில் படமாக எடுத்த பிறகுதான் இளைய தலைமுறைக்குக் கொஞ்சம் தெரிந்தது. படம் படம்தான், நடந்தது அதைவிட எளிமையானது, அதைவிடப் பெரியது.

மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் என்ற ஊர். இந்தியாவில் முதன்முதலில் நிலக்கரி வெட்டிய வட்டாரங்களில் ஒன்று; கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே அங்கே சுரங்கம் உண்டு. பழைய வட்டாரம் என்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக வெட்டிவிட்டுக் கைவிட்ட பொந்துகள் பூமிக்கடியில் ஏராளம். அவற்றில் மழைநீர் தேங்கி நிற்கும். எந்தப் பொந்து எதுவரை போகிறது என்று எல்லா இடத்துக்கும் சரியான வரைபடம் கிடையாது. நில அளவைப் பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்பதால் இதை என்னால் நன்றாகவே கற்பனை செய்ய முடிகிறது. வரைபடத்தில் இல்லாத கிணறு வயலில் இருந்தால் தகராறு வரும். வரைபடத்தில் இல்லாத குளம் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சாவு வரும்.

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில் அப்படித்தான் நடந்தது. பழைய பொந்தில் நின்ற தண்ணீர் உடைத்துக்கொண்டு சுரங்கத்தில் பாய்ந்தது. உள்ளே இருந்த 370-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்திலும் அதே கதைதான் தொடங்கியது. நவம்பர் 13 இரவு. வெடி வைத்து நிலக்கரியைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது சுவர் உடைந்து தண்ணீர் பாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் இருநூறுக்கும் மேல். லிப்டுக்கு அருகில் இருந்தவர்கள் உடனே மேலே வந்துவிட்டார்கள். 71 பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஆறு பேர் தண்ணீரில் போனார்கள். மீதி 65 பேர் சுரங்கத்துக்குள் மேடாக இருந்த ஒரு பகுதிக்கு ஓடிப்போய் ஒதுங்கினார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மேலே பெரிய பம்புகளை வைத்து இறைத்தும் போதவில்லை.

சுரங்கத்தின் சொந்தக்காரர் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். கோல் இந்தியாவின் கிளை. அங்கே பொறியாளராக இருந்தவர் ஜஸ்வந்த் சிங் கில். அமிர்தசரஸ் மாவட்டத்துக்காரர், தன்பாத் சுரங்கப் பள்ளியில் படித்தவர். அவர் சொன்ன யோசனை இது: அவர்கள் ஒதுங்கியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே தரையில் ஒரு துளை போடுவோம். ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கூண்டு செய்து அதில் இறக்குவோம்.

கேட்பதற்கு எளிது. செய்வதற்கு என்னென்ன வேண்டும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

முதலில் துளை. நம் ஊரில் விவசாயத்துக்குப் போடும் போர்வெல் ஆறரை அங்குலம். அதில் குழந்தை விழும், பெரியவர் நுழைய முடியாது. பெரியவர் ஒருவரின் தோள் அகலம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாது. ஆகவே துளை இரண்டு அடியை நெருங்க வேண்டும். அவ்வளவு அகலத்தில் நூறு மீட்டர் போவது என்றால் நாள் கணக்காகும். துளை கொஞ்சம் சாய்ந்தால் கூண்டு வழியில் முட்டிக்கொள்ளும். குறி தப்பினால் நிலக்கரித் தூணில் போய் நிற்கும்.

அடுத்தது கூண்டு. அதற்குச் சுவர் வேண்டும். ஏனென்றால் துளையின் பக்கங்களிலிருந்து கல்லும் மண்ணும் உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே உட்கார இடம் கிடையாது, நின்றபடிதான் வரவேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தவன் வழியில் மயங்கினால் கால் மடங்கி, முழங்கால் வெளியே துருத்தி, கூண்டு சிக்கிவிடும். ஆகவே அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வார் வேண்டும். மேலே இழுக்கும்போது கம்பிவடம் முறுக்கிக்கொண்டு கூண்டு பம்பரமாகச் சுற்றும். இவை எல்லாவற்றுக்கும் விடை சொல்ல கில்லுக்கு இருந்தது இரண்டு நாள். அருகிலிருந்த பட்டறையில் இரும்புத் தகட்டை வளைத்து, பற்றவைத்து, ஏழெட்டு அடி உயரத்துக்கு ஒரு கூண்டு செய்து முடித்தார்கள். டெண்டர் கோரவில்லை, மூன்று விலைப்புள்ளி வாங்கவில்லை. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இதுவே தனி அதிசயம்.

கூண்டு தயாரான பிறகு ஒரு கேள்வி வந்தது. முதலில் யார் இறங்குவது? வெறும் கூண்டை அனுப்ப முடியாது. கீழே 65 பேர், சாவைப் பார்த்தவர்கள், இருட்டில். வெறும் கூண்டு போய் நின்றால் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறப் பார்ப்பார்கள். ஒழுங்கு செய்ய மேலேயிருந்து ஓர் ஆள் போயாக வேண்டும். கில் தானே இறங்கினார். மேலதிகாரிகள் தயங்கினார்கள், அவர் கேட்கவில்லை. நவம்பர் 16 விடிவதற்கு முன் ஆரம்பித்து, காயம்பட்டவர்களை முதலில் அனுப்பி, சுமார் ஆறு மணி நேரத்தில் 65 பேரையும் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தான் ஏறினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் ஆளுக்கு ஐந்தரை நிமிடம். கூண்டு இறங்கி, ஆள் ஏறி, வார் மாட்டி, நூறு மீட்டர் இழுத்து, இறக்கிவிட்டு, மறுபடியும் கீழே போக ஐந்தரை நிமிடம். எங்கள் மாவட்ட அலுவலகத்தில் ஒரு தபாலைப் பதிவு செய்து முத்திரை போடவே அவ்வளவு நேரம் ஆகும்.

இப்படி ஒரு கூண்டு உலகத்தில் அதுவே முதல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கில்லின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை.

முதல் கூண்டு 1955 மே மாதம் ஜெர்மனியில் கெல்சன்கிர்ஷன் நகரத்தில் பிறந்தது. டால்புஷ் என்ற சுரங்கத்தில் மூன்று பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். எபர்ஹார்ட் ஔ என்ற பொறியாளர் சுருட்டு வடிவத்தில் ஒரு குழாயைச் செய்தார். விட்டம் வெறும் 38.5 சென்டிமீட்டர், அதாவது பதினைந்து அங்குலம்! தோளைக் குறுக்கிக்கொண்டு, கையை ஒடுக்கிக்கொண்டுதான் அதில் நுழைய முடியும். அந்த வடிவத்தைப் பார்த்து ஜெர்மானியர்கள் அதற்கு ‘டால்புஷ் குண்டு’ என்று பெயர் வைத்தார்கள். போர் முடிந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. குண்டு என்ற சொல் அவர்கள் வாயில் அப்போதும் இருந்தது போலும். ஔ அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பையன்கள் வெளியே வந்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

அதே குண்டுதான் 1963-ல் லெங்கடே என்ற ஊரில் இரும்புச் சுரங்கத்தில் மறுபடி இறங்கியது. அங்கேயும் தண்ணீர்தான். சுரங்கத்துக்கு மேலே இருந்த கழிவுக் குளம் அக்டோபர் 24 அன்று உடைத்துக்கொண்டு உள்ளே போனது. 129 பேரில் பலர் தப்பினார்கள், 29 பேர் இறந்தார்கள். மீட்பு முடிந்தது என்று இயந்திரங்களைக் கட்டிக்கொண்டு கிளம்பி, நினைவுக் கூட்டத்துக்கும் ஏற்பாடு நடந்தது. அப்போது பழைய தொழிலாளர்கள் சிலர், ‘கைவிட்ட பழைய பொந்துப் பக்கம் ஒரு தடவை துளை போட்டுப் பாருங்கள்’ என்றார்கள். போட்டால் அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பதினான்காவது நாள், நவம்பர் 7 அன்று, பதினொரு பேர் வெளியே வந்தார்கள்.

தண்ணீர் நிறைந்த சுரங்கத்தில் துளை போடுவதில் ஒரு பயங்கரம் உண்டு. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று நிற்கும், தண்ணீர் ஏறாது. டம்ளரின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டால் காற்று புஸ்ஸென்று வெளியேறும், தண்ணீர் ஏறிவிடும். மேட்டில் ஒதுங்கியவர்களைப் பல சமயம் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தக் காற்றுதான். மேலேயிருந்து காப்பாற்ற வருகிறவன் போடும் துளையே அவர்களை மூழ்கடித்துவிடலாம். 2002-ல் அமெரிக்காவில் குவீகிரீக் என்ற இடத்தில் ஒன்பது பேர் அகப்பட்டபோது, முதலில் சிறிய துளை ஒன்று போட்டு, அதன் வழியே அழுத்தமான காற்றை விடாமல் செலுத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகுதான் பெரிய துளையும் கூண்டும். ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

சுரங்க விபத்து என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மனியும் அல்ல, வங்காளமும் அல்ல, பிரான்சு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தலைமுறைக்கு எமில் ஸோலாவின் ‘ஜெர்மினால்’ நாவல் தெரியாமல் பள்ளியைத் தாண்ட முடியாது. வட பிரான்சின் நிலக்கரிச் சுரங்கம்தான் அதன் களம். அதிலும் கடைசியில் தண்ணீர் புகும். கடற்கரையில் வளர்ந்த பையனுக்கு பூமிக்கடியில் வெள்ளம் என்பதே விளங்காத காலம் அது.

அந்த நாவல் வந்தது 1885-ல். இருபத்தோரு ஆண்டு கழித்து, 1906 மார்ச் 10 அன்று, அதே வட பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் நிலக்கரித் தூசி பற்றி வெடித்தது. 1,099 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய சுரங்க விபத்து இல்லை. சில நாளிலேயே, இனி யாரும் உயிரோடு இருக்க முடியாது என்று நிர்வாகம் தேடுதலைச் சுருக்கிக்கொண்டது. மார்ச் 30 அன்று, இருபதாவது நாள், பதின்மூன்று பேர் தாங்களாகவே இருட்டில் வழி தேடி வெளியே வந்து நின்றார்கள்! குதிரைக்கு வைத்திருந்த ஓட்ஸ், செத்த குதிரையின் இறைச்சி, மரப்பட்டை ஆகியவற்றைத் தின்று உயிர் பிடித்திருந்தார்கள். ஏப்ரல் 4 அன்று இன்னும் ஒருவர் கிடைத்தார். ஊரே கொதித்தது. தேடியிருந்தால் இன்னும் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. வேலைநிறுத்தம் வெடித்து, உள்துறை அமைச்சர் கிளெமான்சோ பட்டாளத்தை அனுப்பும் அளவுக்குப் போனது.

இதில் ஒரு சொல் வரலாறும் உண்டு. பிழைத்து வந்தவரைப் பிரெஞ்சில் ‘ரெஸ்காப்பே’ என்பார்கள். இன்று நிலநடுக்கம், கப்பல் விபத்து எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் அது. ஆனால் 1906 வரை அது வட பிரான்சின் கிராமத்துப் பேச்சில் மட்டும் இருந்தது. கூரியேர் செய்தியை எழுத வந்த பத்திரிகைக்காரர்கள் சுரங்கத் தொழிலாளிகளின் வாயிலிருந்து அதை எடுத்து நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

கூரியேர், லெங்கடே, ராணிகஞ்ச் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. மூன்று இடத்திலும் இரும்பைவிட முந்தித் தேவைப்பட்டது, கீழே ஆள் இருக்கிறான் என்ற எண்ணம். கூரியேரில் அது இல்லை. லெங்கடேயில் போய்விட்டு, பழைய ஆட்களின் பிடிவாதத்தால் திரும்பி வந்தது. ராணிகஞ்சில் ஆரம்பம் முதலே இருந்தது.

இவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்தில் சுரங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அதற்கு இந்தக் கூண்டு வேண்டாம். ஆனால் கோலார் தங்கவயல் இருக்கிறதே. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலை தொடங்கியதிலிருந்து மண்ணுக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களிலும் வட ஆர்க்காட்டு ஏழைக் குடும்பங்கள் மிக அதிகம். ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில், ‘தாத்தா கோலார்ல இருந்தாரு’ என்று சொல்லும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். போளூரில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் சொல்வார்: “ஐயா, கேஜுல இறங்கும்போது எல்லாரும் சாமி பேரைச் சொல்லுவோம். ஏறும்போது ஒருத்தனும் சொல்லமாட்டான்.” அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். மேலேயிருந்து துளை போட்டுக் கூண்டு இறக்கலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 2001-ல் அந்தச் சுரங்கங்களை மூடினார்கள்.

ஆழம் கூடினால் கூண்டும் மாறும் என்பதற்கு சிலி நாடு சாட்சி. 2010 ஆகஸ்ட் 5 அன்று சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டார்கள். பதினேழு நாள் அவர்கள் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. துளைக்கருவியின் முனையில் அவர்கள் கட்டி அனுப்பிய சீட்டைப் பார்த்துத்தான் உலகம் அறிந்தது. ‘ஃபெனிக்ஸ்’ என்ற கூண்டைச் சிலி கடற்படையின் தளத்தில் செய்தார்கள். அமெரிக்காவின் நாசா ஆலோசனை சொன்னது. விட்டம் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர். பக்கத்தில் சக்கரம், உள்ளே ஆக்சிஜன், பேசுவதற்குக் கருவி எல்லாம் உண்டு. வழியில் சிக்கிவிட்டால் உள்ளே இருப்பவர் அடிப்பகுதியைத் திறந்துகொண்டு மறுபடி கீழே இறங்கவும் வழி வைத்தார்கள். அக்டோபர் 13 அன்று இருபத்திரண்டு மணி நேரத்துக்குள் 33 பேரும் வந்துவிட்டார்கள். இருபத்தோரு ஆண்டுக்கு முன் ராணிகஞ்ச் பட்டறையில் செய்ததற்கும் இதற்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அடிப்படை எண்ணம் ஒன்றேதான்.

நம் தமிழ்நாட்டின் துயரம் வேறு மாதிரி. நம்மிடம் சுரங்கம் குறைவு, ஆழ்துளைக் கிணறு அதிகம். இந்தியா முழுவதும் துளை போடும் லாரிகள் திருச்செங்கோட்டிலிருந்துதான் போகின்றன. ஜவ்வாது மலையிலும் சாமை விளைந்த மேட்டில் அந்த லாரிகள் ஏறி நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வராத துளையை மூடாமல் விட்டுவிட்டுப் போவது நம் பழக்கம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், நான்கு நாள் பக்கத்தில் துளை போட்டும் பாறையை வெல்ல முடியாமல் போனதும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆள் நுழையாத துளைக்குக் கூண்டு பயன்படாது, கைதான் வேண்டும். மதுரை மணிகண்டன் என்பவர் அப்படி ஓர் இயந்திரக் கையைத் தன் முயற்சியில் செய்தார். 2014-ல் சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிறுவனை அதைக் கொண்டு உயிரோடு எடுத்தார். எல்லா இடத்திலும் அது கைகொடுக்கவில்லை. துளையை மூட ஒரு மூடி போதும், அதன் விலை சில நூறு ரூபாய்.

மலைமேல் இருக்கும் வண்டியையும் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் சாலை போகாத ஊர்களிலிருந்து பிரசவ வலி கண்டவளையும் பாம்பு கடித்தவனையும் இறக்குவதற்கு டோலிதான். ஒரு மூங்கில், ஒரு போர்வை, மாற்றி மாற்றித் தூக்க நாலு ஆள். சிலிக் கூண்டுக்கும் டோலிக்கும் வேலை ஒன்றுதான்: படுத்தவனை வழியில் விழாமல் மருத்துவரிடம் சேர்ப்பது. அதற்கு நாசா ஆலோசனை சொல்லவில்லை.

2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டபோது திருச்செங்கோட்டுத் துளைக்கருவியும் அங்கே போனதை நம் நாளேடுகள் எழுதின. பக்கவாட்டில் குழாய் செருகி, அதற்குள் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வெளியே இழுப்பது என்று ஏற்பாடு. பெரிய இயந்திரம் கடைசி சில மீட்டரில் உடைந்தது. மீதியை எலிவளைச் சுரங்கத் தொழிலாளிகள் கையால் தோண்டி முடித்தார்கள். பதினேழாவது நாள் 41 பேரும் வந்தார்கள்.

அதைப் பார்க்க ஜஸ்வந்த் சிங் கில் இல்லை. 1991-ல் அவருக்கு ‘சர்வோத்தம் ஜீவன் ரக்‌ஷா பதக்’ விருதைக் கையில் கொடுத்தவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், பட்டுக்கோட்டை அருகே ராஜாமடத்தில் பிறந்த நம் ஊர்க்காரர். ஓய்வுக்குப் பிறகு கில் அமிர்தசரஸில் இருந்தார். ‘கேப்சூல் கில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2019 நவம்பர் 26 அன்று காலமானார். நவம்பர் 16-ஆம் தேதியைக் கோல் இந்தியா மீட்பு நாளாக வைத்திருக்கிறது.